தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற அப்பா

வேங்கிக்கால்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஓவியாவுக்கு,

அம்மா அருணாதேவி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். விழுப்புரத்தில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் உன் அப்பா காதை இங்கேயே வைத்திருப்பார், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நீ முதன்முதலாக நம் ஊர் வழியாகக் காட்பாடி பாசஞ்சரை ஓட்டி வந்தாயே, நம் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை என்று நினைத்திருப்பாய். வந்திருந்தோம் கண்ணு. அப்பாவும் வந்திருந்தார்.

ரயில் ஓட்டுவதெல்லாம் பெண்பிள்ளை வேலையா என்று இரண்டு வருடமாக உன்னோடு பேசாத மனிதர், அன்று காலையில் குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டி, எனக்கு முன்னால் வாசலில் நிற்கிறார். கையில் சாமந்தி மாலை, பையில் நாலு எலுமிச்சம்பழம். சக்கரத்துக்கு வைக்க வேண்டுமாம்! புது லாரி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போவார் என்றேன், காதிலேயே வாங்கவில்லை.

ஸ்டேஷனில் என்னை இழுத்துப் போய்ப் பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கரி வண்டி ஓடிய காலத்தில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க அங்கேதான் நிற்குமாம். பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்குப் போகலாம் என்று நான் சொன்னதற்கு, எனக்கா தெரியாது என்று என்மேல் பாய்ந்தார். உன் வண்டி வந்தது. எங்களைத் தாண்டி, நான் சொன்ன கோடியில் போய்த்தான் நீ நிறுத்தினாய்.

முட்டிவலிக்காரர் ஓடினார் ஓவியா. மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். பாதி தூரம் போவதற்குள் நீ ஹாரன் அடித்துவிட்டாய். வண்டி நகர்ந்தது. நீ சிக்னலைப் பார்ப்பாயா, இவரைப் பார்ப்பாயா? உன்மேல் ஒரு தப்பும் இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ மூச்சு வாங்கிக்கொண்டே டீக்கடைக்காரரிடம் போய், "இப்பப் போச்சே காட்பாடி வண்டி, அத ஓட்டிட்டுப் போறது எம் பொண்ணுங்க" என்றார். அந்த மனிதர் கேட்காமலே மூன்று தடவை சொன்னார். அன்றிலிருந்து தெருவில் ஒருவரையும் விடவில்லை. எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது, உன்னை நினைத்தும், அவரை நினைத்தும்.

ஊருக்கெல்லாம் சொல்கிறவருக்கு உன்னிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அடுத்த தடவை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று உன்னைக் கேட்டுச் சொல்ல என்னைத்தான் நச்சரிக்கிறார்.

அண்ணாமலையார் உன் வண்டிக்கு முன்னால் நடப்பார். பதில் எனக்கு வேண்டாம். கவரின்மேல் மணிவேல் என்று அவர் பெயரைப் போட்டு, அப்பா என்று ஆரம்பித்து எழுது, கண்ணு.

உன் அம்மா,
அருணாதேவி