ஜெனரேட்டருக்குள் ஒரு காலுறை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா? சித்தி தூங்கியபின் ஒளிந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

மாலையில் கரண்ட் போனால் சித்தப்பாவின் தையல் கடையில் ஜெனரேட்டர் ஓடும். அந்த இரைச்சலில் போனில் உங்கள் குரலே கேட்பதில்லை. அதனால் அது காற்று இழுக்கும் துளையில் என் பள்ளிக் காலுறையைத் திணித்தேன். சத்தம் கொஞ்சம் அடங்கியது. விளக்குக்கு ஓடிய ஜெனரேட்டர், இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் திணறி நின்றது. மெக்கானிக் அண்ணன் வருவதற்குள் காலுறையை உருவிவிட்டேன். ஆனால் மறுநாளும் மனசு கேட்கவில்லை, திணித்தேன்.

“லோடு நல்லாத்தானே இழுக்குது? என்னைப் பாத்தா மட்டும் நல்ல பிள்ளையாயிடுது” என்று இன்றும் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுப் பார்த்து அண்ணன் சிரித்தார்.

“நீ கை வச்சதாலதான்யா கெடுது. இனிமே கடைப்பக்கம் வராதே” என்றார் சித்தப்பா. அண்ணன் ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் போட்டார். பக்கத்தில் நின்ற நான் வாயே திறக்கவில்லை.

காலையில் சித்தப்பாவிடம் சொல்லிவிடுவேன். என்னைத் திருப்பி அனுப்பினால் அப்பாவிடம் நீங்களே பேசுங்கள். அனுப்பாவிட்டால் ஒரு ஜோடி காலுறை வேண்டும், இது எண்ணெய்ப் பிசுக்காகிவிட்டது.

சித்தி புரண்டு படுக்கிறார், முடிக்கிறேன். இனிமேல் போனில் நீங்கள்தான் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டும், அம்மா.

உங்கள் மகள்