சின்ன வீட்டில் எரியும் விளக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே நான் நலம். அப்பாவின் நலம் எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்துவிடுவதால் அதை எழுதி உன் நேரத்தைக் கெடுக்கவில்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் போன வாரத்தோடு போய்விட்டது, இப்போது இருப்பது வெறும் பொறாமை. பெற்ற மகள் மேல் பொறாமைப்படுகிறவளை நீ இதுவரை பார்த்ததில்லை என்றால் இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், அவர் உன்னிடம் பாதியைத்தான் சொல்லியிருப்பார். குடலில் இருந்த கட்டியை எடுத்த பிறகு எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நான் இருந்தேன். அவரும் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பழையபடி ஒயரிங் வேலைக்குக் கிளம்பிவிட்டார், கடைத்தெருவில் ஒரு அழகு நிலையத்தில் வேலை. வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து போன். யாரென்று கேட்டால் வேலை விஷயம் என்பார். ஒருநாள் காய்ந்த துணியை எடுக்கப் போனபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது. “பெரிய வீட்டுல எல்லாத்தையும் அணைச்சாச்சு. சின்ன வீட்டுலதான் ராத்திரி பூரா லைட் எரியுது. அவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா.” இதைக் கேட்ட பிறகு எந்தப் பெண்டாட்டி நிம்மதியாகத் துணி மடிப்பாள், நீயே சொல். அன்றிலிருந்து அவர் சட்டையைத் துவைக்கும் முன் மோந்து பார்த்தேன், அவர் குளிக்கும்போது போனைத் துழாவினேன், பேசிய எண்களையெல்லாம் அழித்திருந்தார், அதிலே பல்பு படமும் மீட்டர் படமும்தான் இருந்தன. புருவம் திருத்துகிற சாக்கில் அந்த அழகு நிலையத்துக்கே போய் உட்கார்ந்தேன். அங்கே இருந்தவள் என் புருவத்தில் நூலை ஓட்டிக்கொண்டே, உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்க்கா, ஆனா அப்பப்ப விலாவுக்குக் கீழ புடிச்சுக்கிட்டு ஏணியிலயே உக்காந்துடுறாரு என்றாள். அவர் எங்கே பிடித்துக்கொள்கிறார் என்று இவள் ஏன் பார்க்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்ததே தவிர, ஏன் பிடித்துக்கொள்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை பார். படித்தவள் புத்தி போன லட்சணம் அது.

அன்று சாயங்காலம் நேராகவே கேட்டுவிட்டேன், யாருங்க அந்தச் சின்ன வீடு என்று. முதலில் விழித்தார், அப்புறம் சிரித்தார், சிரிப்பு நிற்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. என் கையை எடுத்து வலது விலாவுக்குக் கீழே வைத்து, “இங்கதான் குடி வச்சிருக்கேன். குடல்ல இருந்து கல்லீரலுக்கு வந்துடுச்சு” என்றார். அது ஒரு பெண்ணாகவே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். முடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் விட்டிருப்பேன்.

அதற்கப்புறம்தான் போனில் இருந்தது நீ என்றும், குடல் பெரிய வீடு, கல்லீரல் சின்ன வீடு என்கிற இந்தப் பேச்செல்லாம் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டியது என்றும் வெளியே வந்தது. ஊர்பேர் தெரியாதவர்களின் குடல் கட்டியையும் அதே ஆட்களின் கல்லீரல் கட்டியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே உன் ஆய்வுக்கூட வேலை, அப்பாவுக்கு அதை எலக்ட்ரீஷியன் பாஷையில் சொல்லியிருக்கிறாய். உடம்பில் எல்லா அறைக்கும் ஒரே ஒயரிங், எந்த அறையில் எந்த சுவிட்ச் போட்டிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். குடலில் பிறந்த புற்றுச் செல் கல்லீரலில் குடியேறினாலும் குடலின் பிள்ளைதான், ஆனால் புது இடத்தில் பிழைக்க வேண்டுமே, அதற்காகச் சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது, சிலவற்றை அணைத்துவிடுகிறது, எது எரிகிறது என்று தெரிந்தால் மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவலாம். எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறாய். அதை எனக்குச் சொன்னால் என்ன குறைந்துபோகும்? நானும் தாவரவியலில் பட்டம் வாங்கியவள். பட்டாணிச் செடியில் நெட்டைக்கும் குட்டைக்கும் கட்டம் போட்டு நான் தேர்வெழுதியபோது நீ வயிற்றில் இருந்தாய், மரபணு என்ற வார்த்தையை நீ முதலில் கேட்டதே என் வயிற்றுக்குள்ளிருந்துதான். கடையில் நம்மைப் பார்த்து அக்கா தங்கச்சியா என்று கேட்கிறார்களே, அந்த வயதில்தான் இன்னும் இருக்கிறேன், எதையும் தாங்காத கிழவியாகிவிடவில்லை. ஒரே ஆறுதல், உன் அத்தைக்கும் இது தெரியாது. அவளுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் உங்கள் இருவரையும் மன்னித்திருக்கவே மாட்டேன்.

கல்லீரலில் ஊசி குத்திச் சதைத் துணுக்கு எடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரியாமல் முதல் தடவை எடுத்த துணுக்கில் நல்ல கல்லீரலும் கலந்துவிட்டதால் எரிகிற விளக்கு கட்டியுடையதா பக்கத்து நல்ல சதையுடையதா என்று பிரிக்க முடியவில்லையாம், மறுபடி எடுக்க வேண்டுமாம், இவர் ஒரு தடவை குத்தினது போதும் என்றுவிட்டாராம். நீ கெஞ்சினாய், அந்தப் பல்பு படங்களையெல்லாம் அனுப்பி விளக்கினாய், அசையவில்லை. நான் எதையும் விளக்கவில்லை. “என் புருஷனுக்குள்ள ஒருத்தி குடியிருக்கா. எந்த சுவிட்சைப் போட்டு வச்சிருக்கான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்” என்றேன். வெள்ளிக்கிழமை போகலாம், நீயும் கூட வா என்றார். உன்னால் முடியாதது என்னால் முடிந்தது, படித்துவிட்டு நீயும் கொஞ்சம் பொறாமைப்படு.

பயம் இல்லாமல் இல்லை. அவர் புரண்டு படுத்தால்கூட என் கை தானாக அந்த விலாவைத் தேடுகிறது. மறுபடியும் கலந்துவிட்டால் என்ன செய்வது, கலக்காமல் வந்து கெட்ட சேதியாக இருந்தால் என்ன செய்வது. ஆனாலும் தெரியாமல் இருந்த நாட்கள்தான் கண்ணு எனக்குத் தாங்க முடியாத நாட்கள். போன ஊரில் பிழைக்க நீயும் எத்தனையோ சுவிட்சைப் புதிதாகப் போட்டிருப்பாய், அம்மாவிடம் மறைக்கிறதை மட்டும் அணைத்துவிடு.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும், உன் கண்ணும் கையும் நன்றாக இருக்க வேண்டும். பழைய மூக்குக்கண்ணாடியை மாற்று. மறக்காதே, ஆஸ்பத்திரியிலிருந்து உனக்கு முடிவு வந்ததும் நல்லதோ கெட்டதோ முதல் போன் எனக்கு, அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் விளக்கு அணையாத பெரிய வீடு,
உன் அம்மா.