தினம் ஐந்து நிமிடம்

என் அன்புக்குரிய உங்களுக்கு,

பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. மேலே இரண்டு பல் முளைத்திருக்கிறது. நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? பதில் எழுத மூன்று வாரம் தாமதம். வேலை அதிகம் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. உங்கள் மேல் கோபம். உங்கள் அக்கா மேல் அதைவிடக் கோபம்.

போன மாதம் உங்கள் கடிதங்கள் இரண்டும் ஒரே நாளில் வந்தன. எனக்கு ஒரு பக்கம், மாடியில் இருக்கும் உங்கள் அக்காவுக்கு நாலு பக்கம். பள்ளிக்கூட வேன் ஓட்டப் போகிற அவசரத்தில் அண்ணி அதை என் சமையல் மேடையிலேயே விட்டுப் போனார்கள். படித்தேன். தப்புதான். நாலு பக்கமும் கொட்டகையில் நிற்கும் உங்கள் பிக்கப் வண்டியைப் பற்றி! டீசல் டேங்க் நிறைந்திருக்க வேண்டும், டயரில் காற்று குறையக் கூடாது, எலி வயரைக் கடிக்கிறதா பார், பதினைந்து நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டு. கடைசியில், ‘அவகிட்ட சாவி குடுக்காதே, பாவம், பயந்துடுவா.’ அந்தப் ‘பாவம்’தான் எனக்குச் சுருக்கென்றது.

அன்று சாயங்காலமே மாடியேறிச் சாவியைக் கேட்டேன். “எதெது எப்படின்னு சொல்றேன், உக்காரு” என்றார்கள். “வேண்டாம் அண்ணி, நான் பிஸிக்ஸ் படிச்சவ” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

அவர்கள் பதினைந்து நாளைக்கு ஒருமுறை என்றால் நான் தினமும் என்று முடிவு செய்தேன். ரோட்டில் எடுக்கத் தைரியமில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே தினம் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். உங்கள் அக்காவைவிட நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று உங்களுக்கு எழுத, வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

போன வியாழக்கிழமை சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்றது. அவ்வளவுதான். சனிக்கிழமை ஐஸ் கம்பெனி மேலாளர், வாடகைக்கு எடுக்க வண்டி பார்க்க வருகிறார். அது நன்றாக ஓடினால் ஒரு வருட வேலை உறுதி, நீங்கள் அங்கே வெளிநாட்டில் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்க வேண்டியதில்லை. அது தெரிந்தும் வெள்ளி மதியம்வரை மாடிப்படி ஏற எனக்குக் கால் வரவில்லை. பிறகு போனேன்.

அண்ணி பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “தினமும் எழுப்பி எழுப்பி விட்டுருக்கே. அஞ்சு நிமிஷத்துல இஞ்சினே சூடாகாது, பேட்டரி எங்கேர்ந்து சார்ஜ் ஆகும்? இதுக்கு வேலை குடுக்கணும்மா, கொஞ்சக் கூடாது” என்றார்கள். “பிஸிக்ஸ்ல இதெல்லாம் வராதோ?” என்று ஒரு குத்து வேறு. டேங்க்கும் பாதிக்குமேல் காலி, சாவி வாங்கிய நாளிலேயே அப்படித்தான் இருந்தது, நான் கவனிக்கவில்லை. காலியான இடத்தில் ஈரம் வேர்த்து டீசலில் தண்ணீர் இறங்கியிருந்தது. ஃபில்டர் அடியிலிருந்து அதை வடித்தோம். கைப்பம்பை அழுத்தி அழுத்தி, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றியது நான்தான். கட்டைவிரலில் கொப்புளம்.

பேட்டரி சார்ஜ் ஏறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் பொறுக்க முடியாமல், “உங்களுக்கு மட்டும் நாலு பக்கம் எழுதுறாரே அண்ணி” என்று கேட்டுவிட்டேன். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே, “நாலு பக்கத்துல ஒரு வரியாவது நான் எப்படி இருக்கேன்னு கேட்டிருக்கானா? முட்டி வலியோட வேன்ல ஏறி இறங்குறேன். உன் ஒரு பக்கம் முழுக்க நீதானேடி இருக்கே” என்றார்கள்.

சனிக்கிழமை இரண்டாவது முயற்சியில் இஞ்சின் பிடித்தது. முதலில் வெள்ளைப் புகை, பிறகு சீராகிவிட்டது. அண்ணி மேலாளரை ஏற்றிக்கொண்டு மெயின் ரோடுவரை போய் வந்தார்கள். இறங்கியவர், “வண்டி ஓகே. ஓட்டுற ஆளு அடுத்த மாசம் ஒண்ணாந் தேதி இங்க நிக்கணும். இல்லேன்னா வேற வண்டி பாத்துக்குறேன்” என்று சொல்லிப் போனார். அந்த ஆள் நீங்கள்தான்.

டேங்க்கை நிரப்பிவிட்டோம். நேற்று அண்ணி என்னை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து அரை மணி ஓட்ட வைத்தார்கள். இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது கியர்வரை போனேன். என் பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வண்டியை அவர்கள் தடவிக் கொடுப்பதைப் பார்த்தால் இன்னும் வயிறு காந்துகிறது. ஆனாலும் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். முட்டியைப் பற்றிக் கேளுங்கள். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அதை எனக்கு எழுதுங்கள், நாலு பக்கம்.

நீட்டிப்புத் தாளில் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்றே நம்புகிறேன். போடுமுன் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். வெயிலில் தலையில் துணி போடாமல் நிற்காதீர்கள். பாப்பா கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். இன்னும் கையை விடவில்லை. நானும் அவளைக் கையை விடச் சொல்லவில்லை.

உங்கள் வரவை எதிர்நோக்கும்,
உங்களவள்