படுத்திருப்பவர்களுக்கான அளவு

மார்ச் 4
இன்று நாற்பது கவுன் முடித்தேன். எல்லாம் பழைய தினுசுதான். முன்பக்கம் மூடல், முதுகுப்பக்கம் திறப்பு, கழுத்தில் ஒரு நாடா, இடுப்பில் ஒரு நாடா. இடுப்பு நாடா இரண்டு சலவை தாங்காது. பிறகு நோயாளி ஒரு கையால் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். இந்த ஆஸ்பத்திரித் தையல் அறையில் எனக்கு இருபத்தாறு வருஷம். எத்தனை ஆயிரம் பேரை இப்படி நடக்க விட்டிருக்கிறேன்!

ஜூன் முப்பதோடு ஓய்வு. இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது?

மார்ச் 5
கவுனை மாற்றித் தைக்கலாமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டுவிட்டேன்.

“கவுன்ல என்ன மாஸ்டர் குறை?” என்றார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். சொல்ல நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுக்குள்ளேகூடச் சட்டையில்லாமல் இருக்க மாட்டார். கடைசியாகப் படுத்தபோது எக்ஸ்ரே எடுக்க இதே மாதிரிக் கவுனில் நடத்திக் கூட்டிப் போனார்கள். வழியில் அவரிடம் படித்தவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். அப்பா முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார். எவ்வளவு கூப்பிட்டும் நகரவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இனி ஒருவரும் இப்படி நிற்கக் கூடாது, அதற்கு ஒரு துணி தைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். செய்ததென்ன? அதே கவுனைத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெரிய டாக்டர் சொன்னார்: “பத்து தைச்சுக் குடுங்க. ஆண்கள் வார்டுல போட்டுப் பாப்போம். சரிவரலன்னா விட்டுடணும், என்ன?”

மார்ச் 9
மனைவியிடம் சொன்னேன். “உலகத்தைத் திருத்தக் கிளம்பியாச்சா? முதல்ல அந்தத் தலகாணி உறையைத் தைங்க. ரெண்டு மாசமாச் சொல்றேன்.”

மார்ச் 20
பத்தும் கொடுத்தாயிற்று. முதுகு முழுக்க மூடி, வரிசையாகப் பொத்தான். நானே போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன், குனிந்தேன், நடந்தேன். கச்சிதம்.

மார்ச் 22
வார்டு சிஸ்டர் பத்தையும் திருப்பிக் கொண்டுவந்தார். ஒன்றில் ஒரு கையைக் கத்திரியால் வெட்டியிருந்தார்கள். டிரிப் ஏறிக்கொண்டிருந்த ஒருவர் வாந்தி எடுத்திருக்கிறார். கவுனை மாற்றப் போனால், குழாயோடு கை வெளியே வரவில்லை. இன்னொருவருக்குப் பொத்தான் அழுத்தி முதுகெல்லாம் தடிப்பு.

“கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். நீங்க நிக்கிற ஆளுக்குத் தைச்சிருக்கீங்க. எங்ககிட்ட இருக்கறவங்க படுத்திருக்காங்க.”

மார்ச் 23
சாப்பிடப் பிடிக்கவில்லை. நாப்பது வருஷமா அளவு எடுக்கறேனே, ஒருத்தரையாவது படுக்க வெச்சு எடுத்திருக்கேனா? எந்தத் தையக்காரன் எடுப்பான்? — இதெல்லாம் சமாதானம். புத்தியில்லை, அவ்வளவுதான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

மார்ச் 27
வார்டில் பதினாலாம் நம்பர் கட்டில் காலி. சிஸ்டரிடம் கேட்டு, பழைய கவுனைப் போட்டு அரை மணி நேரம் படுத்தேன். சிஸ்டர் கையில் சும்மா ஒரு குழாயை ஒட்டிவிட்டார். சறுக்கி இறங்கினால் கழுத்து இறுகுகிறது. திரும்பினால் துணி நம்மோடு திரும்புவதில்லை. சின்ன முடிச்சுகூட முதுகுக்கடியில் கல். பக்கத்துக் கட்டில்காரர், “உங்களுக்கு என்னங்க நோவு?” என்றார். “தலைக்கனம்” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினார்.

“இன்னொரு தடவை தைங்க. பெரிய டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்” என்றார் சிஸ்டர். இந்தப் புண்ணியவதிக்கு நான் என்ன செய்தேன்?

ஏப்ரல் 6
மனைவியைக் கட்டிலில் படுக்கவைத்து அளவு எடுத்தேன். “இப்ப நான் பேஷண்ட்டா? அப்ப காபி கொண்டாங்க.” கொண்டுபோய்க் கொடுத்தேன். படுத்தபடியே குடித்துக் கழுத்தில் கொட்டிக்கொண்டாள்.

பொத்தான் கிடையாது. தோளில் திறப்பு, கழுத்திலிருந்து கை நுனிவரை நாடா. அவிழ்த்தால் குழாயை அசைக்காமல் கவுன் கழன்றுவிடும். முதுகில் ஒரு பக்கத் துணி இன்னொன்றின் மேல் நன்றாக ஏறி, முடிச்சு விலாவுக்கு வந்துவிடும். போட்டிருப்பவரே கட்டிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 21
புதுப் பத்தும் வார்டுக்குப் போயின.

ஏப்ரல் 29
ஒரு தகவலும் இல்லை. போய்க் கேட்கப் பயமாக இருக்கிறது.

மே 8
சலவைக்காரர் வந்தார். “மாஸ்டர், உங்க புதுசு பத்துல நாலுதான் சலவைக்கு வந்துச்சு.” மறுபடியும் கத்திரியா? சிஸ்டர் லீவு. யாரிடம் கேட்பது?

மே 10
இப்போது இரண்டுதானாம். ஆறு போன வழியே தெரியவில்லை, இப்போது எட்டும் போச்சு. விட்டுவிட வேண்டியதுதான். ஓய்வுக்குப் பிறகு தலையணை உறை தைக்கலாம்.

மே 12
பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். சிஸ்டரும் இருந்தார்.

“உங்க கவுன் எங்க மாஸ்டர் போகுது?”

“தெரியலீங்க சார். வெட்டிட்டாங்களோன்னு...”

“வெட்டலை. வீட்டுக்குப் போறவங்க எடுத்துட்டுப் போயிடறாங்க!” என்றார் சிஸ்டர். “ஒருத்தர் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டே போயிட்டார். இன்னொருத்தர் சம்சாரம் பையில வெச்சுத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. கேட்டா, ‘வீட்லயும் இன்னும் பத்து நாள் படுக்கணுமே சிஸ்டர்’ங்கறாங்க.”

பெரிய டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. “பழைய கவுனை இத்தனை வருஷத்துல எவனாவது திருடியிருக்கானா? எல்லா வார்டுக்கும் தைச்சிடுங்க. ஆனா ஆஸ்பத்திரி முத்திரையை நல்லாப் பெருசா, முதுகுல குத்துங்க. அப்பத்தான் எடுக்க மாட்டாங்க.”

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். வயசான ஆள் அழுகிறானே என்று யாரோ தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஜூன் 24
நூற்றெழுபது புதுக் கவுன் முடிந்தது. எனக்கு அப்புறம் வருபவருக்காக, படுத்த ஆளின் அளவை அட்டையில் வெட்டி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

முத்திரையை உள்பக்கத்தில், அடி மடிப்புக்குள் குத்துகிறேன். பெரிய டாக்டர் இன்னும் பார்க்கவில்லை. போட்டுக்கொண்டு போகிறவர் தெருவில் நாலு பேர் முன்னால் நடக்க வேண்டுமே.