வராத நாட்களுக்கும் வண்ணம் அடித்துவிட்டார், அண்ணி

என் அருமை ரூபி அண்ணிக்கு,

உங்கள் புருஷனை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. கூடப் பிறந்த அண்ணனைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்காதீர்கள். இதை உங்களிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் போய்ச் சொல்ல? இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள், ‘நீங்கள் விட்டுச்சென்ற வெற்றிடம்’ என்று ஆரம்பிப்பார்கள். வெற்றிடத்தை விட்டுப் போயிருந்தால் நான் பாட்டுக்குப் பெருக்கித் துடைத்துக்கொண்டு இருந்திருப்பேன். நீங்கள் ஞானராஜ் அண்ணனையல்லவா விட்டுவிட்டுப் போனீர்கள்!

நீங்கள் போனபின் வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அவர் தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓவேலியிலிருந்து குன்னூர் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் வாடைதான் வந்தது, பிறகுதான் அவர் வந்தார். நீங்கள் பின்னிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டர், உங்கள் கைக்குப் பிறகு சோப்பைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. கழுத்துப் பக்கம் அழுக்கு மெழுகு போலப் பளபளத்தது. ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை நான் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தேன்.

“சர்க்கரை மாத்திரை போடறீங்களாண்ணா?” என்று கேட்டேன்.

“ஆச்சு, ஆச்சு.”

“எப்போ?”

“அதான் ஆச்சுங்கறேனல்ல.”

நீங்கள் இருந்தவரை சமையலறையிலிருந்து ஒரு சத்தம் போடுவீர்கள், மாத்திரை தொண்டைக்குள் போய்விடும். எஸ்டேட் டிஸ்பென்சரியில் அத்தனை பேருக்கும் ஊசி போட்டு அதட்டிய தொண்டை உங்களுடையது. நான் குன்னூரிலிருந்து கத்தினால் ஓவேலிக்குக் கேட்குமா? போனில் கேட்டாலோ அந்த ‘ஆச்சு, ஆச்சு’தான்.

அப்போதுதான் ஷைலா ஒரு யோசனை சொன்னாள். பள்ளிக்கூட ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேசை. எந்நேரமும் செல்போனில் வீடியோ பார்க்கிற ஜன்மம். “அக்கா, அண்ணனுக்கு ஒரு புல்லட் ஜர்னல் பண்ணிக் குடுங்க, தெனமும் செஞ்சதக் குறிக்கற நோட்டு. கையாலயே பண்ணுனா அதுல ஒரு பாசம் இருக்குமுங்க. ஒரு வாரம் எழுதிட்டா அப்புறம் உடவே மாட்டாங்க” என்றாள். கடையில் நூறு டைரி கிடைக்கும்போது கையால் எதற்கு என்று நானும் கேட்டிருக்க வேண்டும். அந்த வீடியோவைப் பார்த்து மயங்கிவிட்டேன், அண்ணி.

அச்சகத்தில் மிச்சம் விழும் கனத்த தாளை வாங்கி மடித்து, கோணியூசியால் குத்தி நூல் கோத்தேன். பழைய கைப்பையின் ரெக்ஸினை வெட்டி மேலுறை போட்டேன். ஸ்கேலை வைத்துப் பக்கம் முழுக்கப் புள்ளி வைத்தேன். கோலத்துக்குக்கூட நான் இத்தனை புள்ளி வைத்ததில்லை. முதலில் பொருளடக்கம், அப்புறம் முழு வருஷமும் ஒரே பக்கத்தில், அப்புறம் மாதத்துக்கு ஒரு முகப்பு. முகப்புக்கு எதிரே கட்டங்கள். செய்ய வேண்டிய காரியம் இடது ஓரத்தில், தேதி மேலே. செய்து முடித்தால் அந்தத் தேதியின் கட்டத்துக்கு வண்ணம் அடிக்க வேண்டும். மாத்திரை, நடை, குளியல் என்று வரிசையாக எழுதினேன். ஆமாம், குளியலையும்தான் எழுத வேண்டியிருந்தது. கடைசி வரிசையில் ‘கால் பார்த்தல்’ என்று போட்டேன்.

அந்த வரிசை நீங்கள் செய்துவந்த வேலை. சர்க்கரையில் அவர் பாதம் மரத்துப்போன நாளிலிருந்து, ஒரு சாயங்காலம் விடாமல் காலை மடியில் தூக்கி வைத்து விரல் இடுக்கெல்லாம் பார்ப்பீர்களே, அதை அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

மனநிலைக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்றாள் ஷைலா. சந்தோஷமாக இருந்தால் மஞ்சள், வருத்தமாக இருந்தால் நீலம். “எங்கண்ணனுக்கு ஏது மூடு? பசி, தூக்கம், டீ. அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு அதையும் உட்கார்ந்து வரைந்தேன். காளான் படம் போட்ட ஜப்பான் டேப் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி ஓரமெல்லாம் ஒட்டினேன். மழைக்காலம் வந்தால் நிஜக் காளானே இலவசமாக முளைக்கும் என்று யாருக்குத் தெரியும்? அடியில் வெள்ளைப் பொடி இருக்கும் பெரணி இலையைப் பறித்துக் கறுப்புத் தாளில் அழுத்தினேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் புறங்கையில் தட்டி அச்செடுப்பார்களே, அதே பெரணிதான். அச்சு அழகாக விழுந்தது. எல்லாவற்றையும் மைதா காய்ச்சிய பசையால் ஒட்டினேன். பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள் என்பதைப் பிறகுதான் சொன்னார்கள், மகராசர்கள்.

அண்ணனுக்கு அது பிடித்துப்போனது. சும்மா இல்லை, பைத்தியமே பிடித்துவிட்டது. மாதம் முடிந்ததும் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புவார். ஒரு கட்டம் காலி இருக்காது. மாத்திரைக்குப் பச்சை, நடைக்கு ஆரஞ்சு, காலுக்கு ரோஸ். கூடலூர் போய் ஸ்கெட்ச் பேனா பெட்டியே வாங்கி வந்துவிட்டார். தின்ற தட்டைக் கழுவாத மனுஷன், தலைப்பு எழுத்துக்கு நிழல் போட்டு எழுதினார்! நான் அந்தப் படங்களை ஆபீஸ் முழுக்கக் காட்டினேன். “பாத்தீங்களா, நான் சொன்னேனல்ல” என்று ஷைலா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள்.

ஜூலை மழையில் சரோஜா அக்கா போன் செய்தார். சின்ன வயசில் சிலோனிலிருந்து வந்து, எஸ்டேட் லயத்து வீட்டில் இருந்துகொண்டு, உங்களிடம் ஊசிக்குக்கூட அழுவாரே, அவர்தான். “தங்கச்சி, டீமேக்கரய்யா வீட்டுப் பக்கம் போக ஏலாது. எலி செத்த வாடை. கேட்டா பெருச்சாளிங்கிறாரு. எனக்கென்னமோ அவரு காலுலதான் சந்தேகம். நொண்டுறாரு. ஒருக்கா வந்து பாருங்க” என்றார்.

ஊட்டி போய், கூடலூர் போய், அங்கிருந்து ஜீப் பிடித்து நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அறைந்தது. ச்சீ! எப்படிச் சொல்வது? ஈரத் துணி, புளித்த மாவு, அழுகிய ஏதோ ஒன்று, எல்லாம் சேர்ந்து ஒரே வாடை. சமையலறைத் தொட்டியில் பாத்திரங்களின் மேல் பஞ்சு பூத்திருந்தது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, சாக்ஸ் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, “வாம்மிணி, புக்கப் பாரு” என்று எடுத்து நீட்டினார்.

தொட்டதும் கை வழுக்கியது. ரெக்ஸின் முழுக்கப் பச்சைப் பூஞ்சை. மைதா ஒட்டிய இடமெல்லாம் ஊறி உப்பி, நூல் ஓரத்திலிருந்து பூச்சிகள் ஓடின. நான் ஆசை ஆசையாக ஒட்டிய டேப்பை அரித்துத் தின்று கொழுத்த பூச்சிகள். விரல் நுனியால் பிடித்து ஜூலைப் பக்கத்தைத் திருப்பினேன். மாதத்தில் பாதிகூட ஆகவில்லை, அண்ணி. ஆனால் கடைசித் தேதிவரை எல்லாக் கட்டத்துக்கும் வண்ணம் அடித்திருந்தார். இன்னும் வராத நாளுக்கும் மாத்திரை போட்டாச்சு. இன்னும் வராத நாளுக்கும் கால் பார்த்தாச்சு.

“என்னண்ணா இது?”

“பேஜு பாதியில நின்னா பாக்கறதுக்கு அசிங்கமா இருக்குதல்ல. ஃபேக்டரியில கொழுந்து வாட வெக்கற ட்ரஃபுக்கு சார்ட்டு எழுதறோமே, அதுவும் இப்படித்தான். ஷிஃப்ட்டு ஆரம்பத்துலயே மொத்தமும் எழுதி வெச்சுருவோம். மழைக்காலத்துல சூடு என்னத்த மாறப்போவுது?”

“உங்க காலு என்ன கொழுந்தாண்ணா, முன்னாடியே எழுதி வெக்கறதுக்கு?”

அசிங்கமாம்! அந்த வீட்டில், அந்த நாற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, காலியாக இருக்கும் கட்டம் அவருக்கு அசிங்கமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தை மூலையில் வீசிவிட்டு சாக்ஸைக் கழற்றப் போனேன். கழன்று வரவில்லை. தோலோடு ஒட்டியிருந்தது. சரோஜா அக்கா வெந்நீர் வைத்துக் கொடுத்தார். நனைத்து நனைத்து உரித்தேன். சுண்டுவிரல் கறுத்து, இடுக்கில் சீழ் கட்டி... போதும், நீங்கள் பார்க்காத புண்ணா? வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன். மீன் மார்க்கெட் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறவள் நான், உங்களுக்குத் தெரியுமே.

எப்படி வந்தது என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலில்தான் எனக்கு வயிறு எரிந்துபோனது. ஆகஸ்ட் மாத முகப்பில் தானும் ஒட்டிப் பார்க்கப் பெரணி பறிக்க, ஃபேக்டரிக்குப் பின்னால் ஓடையோரம், மழையில், ரப்பர் செருப்போடு போயிருக்கிறார். அட்டைப்பூச்சி விரலிடுக்கில் ஏறி வயிறு முட்டக் குடித்துவிட்டு விழுந்திருக்கிறது. மரத்த காலுக்கு என்ன தெரியும்? அதன்மேல் ஈர சாக்ஸ், அதன்மேல் பூட்ஸ். ரத்தம் குடித்த பூச்சியைவிட அந்த முகப்புப் பக்கம்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கூடலூரில் கைவிரித்துக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் முதலில் சொன்னபோது அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கடைசியில் விரலோடு விட்டது. இன்னும் ஆபத்து முழுசாகத் தாண்டவில்லை. புண் ஆறாமல் மேலே ஏறினால் மறுபடியும் கத்திதான் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது குன்னூரில் என் வீட்டில்தான் இருக்கிறார். வந்த மறுநாளே, “அந்த புக்க எடுத்துட்டு வந்தியாம்மிணி?” என்று கேட்டார். துணிமணி எடுக்க ஓவேலி போன அன்றே அங்கே வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன் என்றேன். உண்மைதான். ஆனால் அத்தனை ஈரத்தில் அது எரியக்கூட இல்லை. சாயங்காலம்வரை புகைந்து புகைந்து வீட்டையே நாறடித்தது. ஷைலா ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தாள். “அடுத்த வருஷம் பிளாஸ்டிக் ஷீட்டுல பண்ணலாங்க்கா, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது” என்றாள். பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். சர்ச் பெண்கள் வந்து, உன் ஊழியத்துக்குப் பரலோகத்தில் கிரீடம் உண்டு என்றார்கள். கட்டு மாற்றும் நேரம் நெருங்கியதும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம், அண்ணி. இத்தனை வருஷம் அந்தக் காலை எப்படி மடியில் வைத்தீர்கள்? பழகினால் அருவருப்புப் போய்விடும் என்கிறார்களே, எனக்கு ஏன் போகவில்லை? பாசம் இருந்தால் நாற்றம் தெரியாது என்று சொல்கிறவர்களை இழுத்து வந்து என் இடத்தில் உட்கார வைக்க வேண்டும்.

ஒருநாள் பொறுக்காமல் அண்ணனிடமே கேட்டேன். “மத்ததெல்லாம் போகட்டும். கால மட்டுமாவது ஒரு நாள் குனிஞ்சு பாத்திருக்கலாமல்ல? அதுல என்ன கஷ்டம்?”

கட்டுப் போட்ட காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார். “நான் என் கால எப்பவுமே பாத்ததில்ல அம்மிணி. அவ காலப் பாப்பா, நான் அவ மொகத்தப் பாப்பேன். சும்மா இருந்தான்னா காலு நல்லாருக்குது. மூக்கச் சுளிச்சான்னா எங்கியோ புண்ணு வந்திருக்குது. எனக்கு அப்படித்தான் தெரியும். அவ போனதுக்கப்புறம் காலப் பாத்து நான் என்னத்தக் கண்டுபுடிக்கறது?”

நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவர்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் நீங்களும் மூக்கைச் சுளித்தீர்கள் என்று கேட்டதில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, அண்ணி.

நேற்றுச் சாயங்காலம் கட்டைப் பிரித்தேன். காலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினேன். பஞ்சை எடுத்ததும் அந்த வாடை வந்தது. அண்ணன் காலைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்குக் கம்மியாத்தான் சுளிச்சே, அம்மிணி. ஆறிட்டு வருதாட்ட இருக்குது” என்றார்.

அருவருப்புப் போய்விடும் என்று உங்களுக்கு நான் வாக்குத் தர முடியாது. பொய்யாகச் சிரித்துக்கொண்டு பார்க்கவும் எனக்கு வராது. தினமும் சாயங்காலம் வெளிச்சம் போவதற்குள் அந்தக் காலைப் பார்ப்பேன். குமட்டினால் குமட்டட்டும். முகத்தை மட்டும் அவரிடமிருந்து திருப்பிக்கொள்ள மாட்டேன்.

மூக்கைச் சுளித்துக்கொண்டே,
உங்கள் நாத்தனார் ஜெசிந்தா
குன்னூர்