வடிதுணியில் ஒன்றும் நிற்கவில்லை

ஆகஸ்ட் 3, 1966. புதன்

காலையிலிருந்தே புழுக்கம். ராஜகிரி மலை மேல் மேகம் வந்து நின்றதோடு சரி, ஒரு சொட்டு கிடையாது. மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து இடுப்பு போயிற்று.

வாங்க: பேனா மை, தைலம், கொசுவலைக்கு நாடா.

இன்று பார்த்தவை: கம்பளிப்பூச்சி, பெரும்பாலும் செத்தவை. தேனீ இல்லை. பொறிவண்டு இல்லை. தும்பி ஒன்று, அதுவும் பறக்க முடியாமல் மண்ணில். எண்ட்ரின் மருந்து அடித்தால் கம்பளிப்பூச்சி சாகும் என்று ஊருக்கே தெரியும். கூட என்னென்ன போகிறது என்று பார்க்கத்தான் கல்லூரி என்னை இங்கே அனுப்பியது. பார்த்தாயிற்று. எல்லாம் போகிறது.

வீட்டை ஒட்டிய இந்தக் கொல்லை, நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா பத்மாவதியுடையது. வீட்டுக்கும் கொல்லைக்கும் ஒரே கிணறு. சமணக் குடும்பம். பூச்சியை எண்ணுவேன், கொல்ல மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் எனக்கு அறை கொடுத்தார். வீட்டுக்காரர் காலமான பிறகு நிலத்தை ஏழுமலைக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். "பயிர் வெச்சா பூச்சிய கொல்லணும். நம்ம கையால வேணாம்னுதான்மா உட்டேன்." சரிதான், ஏழுமலை கையால் சாகலாம் போல. வாய் வரை வந்தது, விழுங்கினேன்.

பொழுது சாய்வதற்குள் இங்கே சாப்பாடு முடிந்துவிடும். இப்போதே பசி.

ஆகஸ்ட் 4. வியாழன்

காற்று. புழுதி. கண் எரிச்சல்.

காலையில் பல் தேய்க்கப் போனபோது ப. அம்மா கிணற்றடியில் தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருந்தார். தினமும் நடப்பதுதான். துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி ஊற்றுவார். பிறகு துணியைத் திருப்பிப் போட்டு, வடித்த தண்ணீரால் அலசி, அந்தத் தண்ணீரை வாளியில் மெல்லக் கிணற்றுக்குள்ளேயே இறக்குவார். துணியில் சிக்கிய உயிர்கள் பிறந்த இடத்துக்கே போகவேண்டும். ஜூனில் நான் வந்த புதிதில் அந்தத் துணியில் பொடிப்பொடியாய்த் துள்ளும். பார்க்க ஆசையாக இருக்கும்.

இன்று துணியை விரித்துக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாமா? கொஞ்ச நாளா ஒன்னுமே நிக்கறதில்ல. தண்ணி அவ்ளோ சுத்தமா இருக்குது. நம்ம சாந்தி வந்த நேரம்."

சாந்தி அவர் மகள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பக்கத்தில் நின்று ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வாயில் பற்பொடி. துப்பக்கூடத் தோன்றவில்லை.

கிணற்றில் ஒன்றுமே இல்லையா? ஒன்றுகூடவா? எண்ட்ரின் இறங்கியிருக்குமோ? ஐயோ.

சாந்தியிடம் அந்தத் தண்ணீர் வேண்டாம், தெருமுனைக் கிணற்றிலிருந்து கொண்டுவருகிறேன் என்றேன். "ஏன்க்கா?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று மழுப்பினேன். குடிக்கமாட்டேன் என்று கையில் அடித்துச் சொன்னாள். பைத்தியம் என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும்.

ஆகஸ்ட் 5. வெள்ளி

சந்தை நாள். தெரு முழுக்க ஆடு. மை வாங்க மறந்தேன்.

பக்கத்து வீட்டு மாட்டுத்தொட்டியில் கொசுப்புழு பிடித்துவந்தேன். இரண்டு டம்ளர். ஒன்றில் தெருமுனைக் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் நம் வீட்டுத் தண்ணீர். கொசுப்புழுவைச் சாகவிட்டுப் பார்க்க இந்த வீட்டில் அனுமதி கேட்க முடியுமா? கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

மதியம்: தெருக்கிணற்றுப் புழு நெளிகிறது. வீட்டுத் தண்ணீரில் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது.

சாயங்காலம்: வீட்டுத் தண்ணீரில் இருந்தவை அத்தனையும் அடியில். அசைவில்லை.

நானும்தானே குடித்திருக்கிறேன்! தலை லேசாக வலிக்கிறது. பயமா, மருந்தா? சீ, பயம்தான்.

ஆகஸ்ட் 6. சனி

ஏழுமலையைக் கிணற்றடிக்கு வரச்சொல்லிக் கேட்டேன். தெளிப்பு மிஷினை எங்கே கழுவுகிறாய்?

"இங்கதான் மேடம், தொட்டியண்ட. வேற எங்க தண்ணி இருக்குது? கெணத்துக்குள்ள ஒரு சொட்டு ஊத்தல நானு!"

கிணற்றை ஒட்டிய அந்தத் தொட்டியின் ஓரம் உடைந்து கிடக்கிறது. கழுவிய தண்ணீர் சுவர் வழியாகக் கிணற்றுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. சுவரில் பச்சையாக இருந்த பாசி அந்த இடத்தில் மட்டும் கோடாகப் பழுப்பாகிவிட்டது. கையை நீட்டிக் காட்டினேன். எட்டிப் பார்த்தவன் அப்படியே குந்திவிட்டான்.

"எம்பொண்டாட்டியும் களையெடுக்க வந்தா இதத்தான மேடம் குடிக்கிறா."

மாதக்கணக்காய் இதே கொல்லையில் பூச்சியை எண்ணுகிறேன். இந்தத் தொட்டியைத் தாண்டித்தான் தினமும் நடக்கிறேன். படித்து என்ன கிழித்தேன்!

ப. அம்மாவிடம் சொன்னேன். கொசுப்புழுவையும் சேர்த்து. கத்துவார் என்று நினைத்தேன். தண்ணீரைக் குடித்ததைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

"அப்ப தெனம் காலைல நான் திருப்பி உட்டதெல்லாம்?"

அவர் பக்கத்திலிருந்த குடத்தை நகர்த்தி வைத்தேன்.

"சொல்லுமா. உசுரோட எடுத்து வெஷத்துலயா உட்டேன்? எங்கையாலயா?"

துணியைக் கையில் பிடித்தபடி நின்றார். அடுப்பு மூட்டவில்லை. இன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 7. ஞாயிறு

தூறல். ஏழுமலை விடிந்ததும் கிணற்று வாயில் முள் வெட்டிப் போட்டான். தண்ணீர் இனி தெருமுனையிலிருந்து. குடம் தூக்கித் தோள் வலி.

ப. அம்மா இன்றும் சாப்பிடவில்லை.

மதியம் சாந்தி என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். சும்மா ரிப்பன் கேட்டாள், கொடுத்தேன், கட்டவில்லை.

"அக்கா, வந்ததுலேர்ந்து நான் குடிச்சதெல்லாம் அந்தத் தண்ணிதான். புள்ளைக்கு எதனா ஆயிருக்குமா?"

தேனீக்கு என்ன ஆகும், சொல்வேன். தும்பிக்கு, மீனுக்கு, தவளைக்கு, பக்கம் பக்கமாகச் சொல்வேன். இதற்கு நான் படித்த எதிலும் ஒரு வரி இல்லை.

"தெரியலடி" என்றேன்.

"படிச்சவங்க நீங்களே தெரியலன்னா யார்க்கா சொல்லுவாங்க?"

என் கையைப் பிடித்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உதைத்தது.

அடுத்த உதைக்காகக் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.