பட்டியலின் கடைசிப் பெயர்

அன்பு மகளுக்கு,

உன் அப்பா கடலில் சாகவில்லை. நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பத்து வருஷத்துக்கு முன், போர் நடந்தபோது, நான் கப்பல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். விடுப்பில் வந்த உன் அப்பா பட்டாளத்துக்குத் திரும்பாமல் எல்லை தாண்டி ஓடிவிட்டார். பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள். அவர் திரும்பிப் போயிருக்க வேண்டிய கப்பல் அதே வாரம் குண்டு பட்டு மூழ்கியது. இறந்தவர்கள் இருநூற்றுப் பதினொரு பேர். அந்தப் பட்டியலை அடித்தது நான்தான். கடைசியில் அவர் பெயரையும் சேர்த்து அடித்தேன். பிறகு யாரும் அவரைத் தேடவில்லை.

உனக்கு அப்போது ஒன்பது வயது. வாய் தவறிச் சொல்லிவிடுவாய் என்று உன்னிடமும் மறைத்தேன். போர் முடிந்ததும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவரிடமிருந்து ஒரு வரி வரவில்லை. நிஜமாகவே செத்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

நேற்று மத்தியானம் வாசலில் வந்து நின்றார்.

"பொண்ணுக்கு என்னை ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டார்.

"நீங்க செத்ததுதான் அவளுக்கு ஞாபகம்" என்றேன். திண்ணையில் உட்கார்ந்தார். இப்போதும் இங்கேதான் இருக்கிறார்.

உன்னை வரச் சொல்லி நான் வற்புறுத்தமாட்டேன். வந்தால் அவரிடம் கேட்க வேண்டியதைக் கேள். என்னிடமும் கேள்.

அம்மா